பழைய ‘பால்டர்ஸ் கேட்’ விளையாட்டைக் கைவிடாமல் ரசிப்பது எப்படி? புதியவர்களுக்கான முழுமையான வழிகாட்டி

கனடா நாட்டு பயோவேர் நிறுவனம் உருவாக்கி, இன்டர்ப்ளே நிறுவனம் 1998 டிசம்பரில் வெளியிட்ட ‘பால்டர்ஸ் கேட்’ என்னும் கணினி விளையாட்டைத் தொடங்குகிறவர்களில் பலர் முதல் மாலையிலேயே அதை மூடிவைத்துவிடுகிறார்கள். ஓர் ஓநாய் இரண்டே கடியில் கதாநாயகனைக் கொன்றுவிடுகிறது. கவசத்தின் எண் குறைந்தால் நல்லதா, கூடினால் நல்லதா என்று புரிவதில்லை. அடுத்து எந்தத் திசையில் போவது என்று காட்டும் அம்புக்குறியும் திரையில் இல்லை. இவ்வளவும் உண்மைதான். ஆனால் இந்த விளையாட்டின் கடுமையில் பெரும்பகுதி அதன் தொடக்கத்திலேயே குவிந்து கிடக்கிறது என்பதையும், உங்கள் குழு முதல் நிலையிலிருந்து மூன்றாம் நிலைக்கு ஏறும்வரை தாக்குப்பிடித்துவிட்டால் அதன்பின் வேறொரு விளையாட்டே திறந்துகொள்கிறது என்பதையும் முன்கூட்டியே அறிந்தவர்கள் கைவிடுவதில்லை. ஆகவே இந்த வழிகாட்டி, தொடக்கம் முதல் நாஷ்கெல் சுரங்கம் வரையிலான பகுதியை மட்டும் எடுத்துக்கொண்டு, அதை எப்படிக் கடப்பது என்று விரிவாகச் சொல்கிறது. கதையின் முடிச்சுகளை இயன்றவரை அவிழ்க்காமல் விட்டிருக்கிறேன்.

எந்தப் பதிப்பு, எந்தக் கணினி

1998இல் இந்த விளையாட்டு 5 சிடிகளில் வந்தது. இன்று நீங்கள் வாங்க வேண்டியது, பீம்டாக் நிறுவனம் 2012இல் புதுப்பித்து வெளியிட்ட ‘என்ஹான்ஸ்டு எடிஷன்’ என்னும் பதிப்பு. இது இன்றைய விண்டோஸில் தொல்லையின்றி ஓடும். ஆண்ட்ராய்டு, ஐபேட் ஆகியவற்றுக்கும் தனியாகக் கிடைக்கிறது. 2023இல் லாரியன் நிறுவனம் வெளியிட்ட மூன்றாம் பாகத்தை விளையாடிவிட்டு இதற்கு வருகிறவர்கள் ஒன்றை நினைவில் வைக்க வேண்டும். இரண்டும் ஒரே கற்பனை உலகத்தைச் சேர்ந்தவை என்றாலும் விதிகள் வேறு. மூன்றாம் பாகத்தில் ஒவ்வொருவரும் முறைவைத்துச் சண்டையிடுவார்கள். இதிலோ எல்லோரும் ஒரே நேரத்தில் இயங்குவார்கள்; நாம்தான் நேரத்தை நிறுத்தி நிறுத்திக் கட்டளையிட வேண்டும்.

தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறைப் பக்கத்து வீடுகளில் இன்றும் அலமாரியில் கிடக்கும் பழைய மடிக்கணினிகளுக்கு இது மிகப் பொருத்தமான விளையாட்டு என்பது என் உறுதியான கருத்து. 2011 முதல் பிளஸ் டூ மாணவர்களுக்கு அரசு விலையில்லாமல் வழங்கிய மடிக்கணினிகளில் புதிய விளையாட்டுகள் அசையக்கூட மாட்டா. ஆனால் பால்டர்ஸ் கேட், முன்பே வரைந்து வைத்த படங்களின் மேல் சிறு உருவங்கள் நடமாடும் விளையாட்டு என்பதால் தனி கிராபிக்ஸ் கார்டு எதையும் கேட்பதில்லை. வாங்குவதற்கு முன் கடைப் பக்கத்தில் கொடுத்திருக்கும் தேவைப் பட்டியலை உங்கள் கணினியோடு ஒருமுறை ஒப்பிட்டுக்கொள்ளுங்கள். பதிவிறக்கம் சில ஜிபி அளவு இருக்கும். மொபைல் டேட்டாவை நம்பியிருப்பவர்கள் அதை இரண்டு மூன்று நாள்களுக்குப் பிரித்துக்கொள்ளலாம்.

ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் மழையோடு மின்சாரமும் போய்ப்போய் வரும் ஊர்களில் விளையாடுகிறவர்களுக்கு இன்னொரு குறிப்பும் உண்டு. பேட்டரி தளர்ந்த மடிக்கணினியோ, யுபிஎஸ் இல்லாத மேசைக் கணினியோ ஆனால், ஒவ்வொரு சண்டைக்கு முன்னும் பின்னும் ‘கியூ’ விசையை ஒருமுறை அழுத்துங்கள். அது உடனடிச் சேமிப்பு. இருபது நிமிட நடை ஒரு நொடியில் காணாமல் போவதைவிட இந்த விளையாட்டை வெறுக்க வைக்கும் காரணம் வேறில்லை. அதோடு, வாரத்துக்கு ஒன்றாவது தனிப் பெயரிட்ட சேமிப்பாக வைத்துக்கொள்வது நல்லது. உடனடிச் சேமிப்பு முந்தையதை அழித்துக்கொண்டே போகும்.

தொடங்கும் முன் மாற்ற வேண்டியவை

விளையாட்டின் ஆப்ஷன்ஸ் பக்கத்தில் ‘ஆட்டோ பாஸ்’ என்றொரு பகுதி இருக்கிறது. எதிரி கண்ணில் பட்டவுடன் விளையாட்டு தானே நிற்க வேண்டும் என்பதை முதலில் தேர்ந்தெடுங்கள். குறிவைத்த எதிரி இறந்தவுடன், கையிலுள்ள ஆயுதம் பயன்படாமல் போனவுடன், பொறி கண்டுபிடிக்கப்பட்டவுடன் நிற்கும்படியும் அமைத்துக்கொள்ளுங்கள். மற்ற நேரங்களில் ஸ்பேஸ் பார் உங்கள் கையிலேயே இருக்கட்டும். இது விரல்வேகத்தைச் சோதிக்கும் விளையாட்டு அல்ல. நிறுத்தி வைத்த திரையைப் பார்த்தபடி எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் யோசிக்கலாம். நிறுத்திய நிலையிலேயே ஆறு பேருக்கும் தனித்தனியாகக் கட்டளை கொடுக்கலாம். ஒரு சண்டையில் பத்துப் பதினைந்து முறை நிறுத்துவது சாதாரணம். அப்படி விளையாடத்தான் இதை உருவாக்கியிருக்கிறார்கள்.

கடின அளவைப் பொறுத்தவரை, முதல்முறை விளையாடுகிறவர் ‘நார்மல்’ அளவில் தொடங்கி, தேவைப்பட்டால் நடுவில் ‘ஈஸி’க்கு இறக்கிக்கொள்ளலாம். எந்த நேரத்திலும் மாற்ற முடியும். ‘ஸ்டோரி மோட்’ என்னும் அளவில் உங்கள் ஆட்கள் சாகவே மாட்டார்கள். கதையை மட்டும் படிக்க விரும்புகிறவர்களுக்கு அது தகும். ஆனால் இந்த விளையாட்டின் அழகு, தயங்கித் தயங்கி வைக்கும் ஒவ்வோர் அடியிலும் இருக்கிறது என்று நான் கருதுவதால், அதை முதல் தேர்வாகப் பரிந்துரைக்க மாட்டேன்.

உரையாடல்கள் அனைத்தும் ஆங்கில எழுத்தில் வருகின்றன. குரலாகக் கேட்பது கொஞ்சம்தான். ஆங்கிலத்தில் பழக்கம் குறைந்தவர்கள் இதைப் பார்த்துப் பின்வாங்க வேண்டாம். உரையாடல் நடக்கும்போது நேரம் ஓடாது. அகராதியைப் புரட்டிவிட்டு வந்து பதில் சொல்லலாம். நம் பக்கத்தில் ஒரு வீட்டில் ஒரு கணினிதான் இருக்கும் என்பதால் அண்ணன் தம்பியோ, அக்கா தம்பியோ, அடுத்த தெரு நண்பரோ சேர்ந்து உட்காருவது இயல்பு. ஒருவர் வாசித்துப் பொருள் சொல்ல, மற்றவர் மவுஸைப் பிடித்துக்கொண்டு ‘இதுக்கு என்ன பதில் சொல்லலாம்?’ என்று கேட்டு, இருவரும் பேசி முடிவெடுப்பது இந்த விளையாட்டுக்கு மிகவும் ஏற்ற முறை. பக்கத்தில் ஒரு நோட்டும் பேனாவும் இருக்கட்டும். விளையாட்டுக்குள் ஒரு நாட்குறிப்பு உண்டு என்றாலும், யார் எந்த ஊரில் என்ன கேட்டார், எந்த வீடு பூட்டியிருந்தது, எந்தப் பக்கம் போனால் அடி விழுந்தது என்பதையெல்லாம் சொந்தக் கையெழுத்தில் குறித்து வைத்தவருக்கு அந்த உலகம் மிக விரைவில் பழகிவிடும்.

பகடையின் கணக்கு

புதியவர்களைக் குழப்பும் விஷயங்களில் முதலிடம் இதற்குத்தான். இந்த விளையாட்டு, ‘டஞ்சன்ஸ் அண்டு டிராகன்ஸ்’ என்னும் மேசை விளையாட்டின் இரண்டாம் பதிப்பு விதிகளின்மேல் கட்டப்பட்டது. திரைக்குப் பின்னால் ஒவ்வோர் அடிக்கும் 20 பக்கமுள்ள பகடை ஒன்று உருட்டப்படுகிறது. திண்ணையில் தாயம் ஆடிப் பழகியவர்களுக்குத் தெரியும்: எவ்வளவு கெட்டிக்காரருக்கும் கட்டை விழ வேண்டும், ஆனால் காயை எங்கே நிறுத்துவது என்பது ஆடுகிறவரின் அறிவு. இங்கும் அதே நிலைதான். விழுவதை மாற்ற முடியாது. விழ வேண்டிய எண்ணைக் குறைக்க முடியும்.

அதற்கு இரண்டு எண்களைப் புரிந்துகொண்டால் போதும். முதலாவது ‘தாக்கோ’, அதாவது தாக்குதல் எண். முதல் நிலையில் இருக்கும் எவருக்கும் இது அடிப்படையில் 20. இரண்டாவது ‘ஆர்மர் கிளாஸ்’, அதாவது கவச எண். கவசமே இல்லாதவருக்கு இது 10. இரண்டு எண்களுமே குறையக் குறைய நல்லது. தாக்குகிறவரின் தாக்கோவிலிருந்து தாக்கப்படுகிறவரின் கவச எண்ணைக் கழித்தால் வருவதுதான் பகடையில் குறைந்தபட்சம் விழ வேண்டிய எண். தாக்கோ 20 உள்ள எதிரி, கவச எண் 10 உள்ள உங்கள் ஆளைத் தாக்கும்போது 10 அல்லது அதற்குமேல் விழுந்தால் அடி படும். அதாவது பாதிக்கும் சற்று அதிகமான வாய்ப்பு. அதே ஆளுக்குச் சங்கிலிக் கவசம் அணிவித்தால் கவச எண் 5 ஆகிறது. கேடயம் ஒன்று கொடுத்தால் 4 ஆகிறது. இப்போது எதிரிக்கு 16 விழ வேண்டும். வாய்ப்பு நான்கில் ஒரு பங்காகச் சுருங்கிவிடுகிறது. அந்த ஆளின் ‘டெக்ஸ்டெரிட்டி’, அதாவது உடல் சுறுசுறுப்பு, 18 என்றால் கவச எண் மேலும் 4 குறைந்து 0 ஆகும். அப்போது அதே எதிரிக்குப் பகடையில் 20 விழுந்தால்தான் அடி படும், அதாவது இருபதில் ஒருமுறை. ஆயுதத்தின் வகையைப் பொறுத்துச் சிறு ஏற்ற இறக்கம் இருந்தாலும் அடிப்படைக் கணக்கு இவ்வளவுதான்.

தொடக்கத்தில் கிடைக்கும் பணத்தை எதில் செலவிடுவது என்ற கேள்விக்கும் இந்தக் கணக்கே விடை சொல்லிவிடுகிறது. நல்ல வாளைவிட நல்ல கவசம் முந்தியது. முன்வரிசையில் நிற்பவருக்குத் தலைக்கவசமும் கட்டாயம். பகடையில் 20 விழும்போது நேரும் இரட்டிப்பு அடியிலிருந்து அது காக்கிறது. முதல் நிலை வீரருக்கு உயிர்ப்புள்ளிகள் பத்துச் சொச்சம்தான் என்பதால், ஓர் இரட்டிப்பு அடியே அவரைச் சாய்க்கப் போதுமானது.

கதாபாத்திரத்தை உருவாக்குதல்

முதல்முறை விளையாடுகிறவர் ‘ஃபைட்டர்’ வகையைத் தேர்ந்தெடுப்பதே நல்லது. கதாநாயகன் இறந்தால், மற்ற ஐவரும் உயிரோடிருந்தாலும் விளையாட்டு முடிந்துவிடும். மந்திரவாதியாகத் தொடங்குகிறவருக்குக் கையில் இருப்பது நான்கு முதல் ஆறு உயிர்ப்புள்ளிகளும் ஒரு மந்திரமும் மட்டுமே. அந்த உயிரைக் காப்பாற்றிக்கொண்டு நடப்பது பழகியவர்களுக்கே கடினம்.

பண்புகளுக்கான எண்கள் பகடையால் விழும். பிடிக்கவில்லையென்றால் எத்தனை முறை வேண்டுமானாலும் மறுபடி உருட்டலாம். மொத்தம் 80க்கு மேல் வந்தாலே போதும். 90 வரும்வரை மணிக்கணக்கில் உருட்டிக்கொண்டிருப்பவர்கள், விளையாடத் தொடங்கும் முன்பே சலித்துவிடுகிறார்கள். வந்த எண்களை ஒரு பண்பிலிருந்து எடுத்து இன்னொன்றில் சேர்க்கலாம். ஃபைட்டருக்கு வலிமை, டெக்ஸ்டெரிட்டி, உடல் உறுதி ஆகிய மூன்றையும் 18க்கு உயர்த்திவிட்டு, மிச்சத்தை மற்றவற்றுக்குப் பிரித்துக்கொடுங்கள்.

ஆயுதத் தேர்ச்சிப் புள்ளிகளில் இரண்டை நீள வில்லுக்கும் இரண்டை நீள வாளுக்கும் வைக்கச் சொல்வேன். இந்தப் பாகத்தில் வில் அளவுக்கு மிஞ்சிய பலமுள்ளது. வாள் ஒருமுறை வீசப்படும் நேரத்தில் வில்லிலிருந்து இரண்டு அம்புகள் பறக்கும். எதிரி நெருங்கி வருவதற்குள் பாதி வேலை முடிந்துவிடும். குழுவில் வில் பிடிக்க முடியாதவர்களுக்குக் கவணாவது கொடுங்கள். ஆறு பேரும் தூரத்திலிருந்து தாக்கத் தெரிந்த குழு, முதல் இரண்டு அத்தியாயங்களில் பெரும்பாலான சண்டைகளை எதிரியின் கை படாமலே முடித்துவிடும்.

கேண்டில்கீப்: அவசரப்படாத முதல் மணி நேரம்

கதை கேண்டில்கீப் என்னும் மதில் சூழ்ந்த நூலகக் கோட்டையில் தொடங்குகிறது. உங்களை வளர்த்த கோரியன் உடனே புறப்படச் சொல்வார். உடனே புறப்பட வேண்டியதில்லை; அவர் காத்திருப்பார். கோட்டைக்குள் சிறு சிறு வேலைகள் பல இருக்கின்றன. கிடங்கில் எலி பிடிப்பது, தொலைந்த புத்தகத்தைத் தேடித் தருவது, நோய்கண்ட பசுவுக்கு மருந்து கொண்டுவருவது என்று எளிய வேலைகளே என்றாலும், எல்லாவற்றுக்கும் அனுபவப் புள்ளியோ பணமோ பொருளோ கிடைக்கும். நடப்பது, கதவு திறப்பது, பெட்டியைப் பார்ப்பது, பொருளை ஒருவரிடம் சேர்ப்பது ஆகிய அனைத்தும் இங்கேயே கைக்குப் பழகிவிடும். பச்சை உடை அணிந்த பயிற்சியாளர்கள் விதிகளைச் சொல்லித் தருவார்கள். அங்கே நடக்கும் மாதிரிச் சண்டையையும் ஒருமுறை செய்து பாருங்கள். அதில் இறந்தால் இழப்பில்லை.

ஓரிரு கட்டடங்களுக்குள் உங்களைக் கொல்லக் காத்திருப்பவர்கள் இருக்கிறார்கள் என்பதை மட்டும் எச்சரிக்கையாகச் சொல்லி வைக்கிறேன். கவசம் அணிந்து, வில்லைக் கையில் எடுத்துக்கொண்ட பிறகே வீடு வீடாக நுழையுங்கள். விடுதிக்காரர் வின்த்ராப்பிடம் கவசமும் வில்லும் அம்பும் வாங்கலாம். அம்பை மட்டும் கணக்குப் பார்க்காமல் வாங்குங்கள்.

சாலையில் முதல் நாள்

கோட்டையை விட்டு வெளியேறிய இரவில் என்ன நடக்கிறது என்பதை நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். மறுநாள் காலை, உங்களோடு வளர்ந்த இமோயென் வந்து சேர்வாள். அவளிடம் ஒரு சிறு வில்லும், ‘மேஜிக் மிசைல்’ என்னும் தவறாத அம்புகளை எய்யும் மந்திரக்கோலும் இருக்கும். அந்தக் கோலைப் பதுக்கி வைக்காதீர்கள். புதியவர்கள் பலர் ‘பின்னால் தேவைப்படும்’ என்று எடுத்து வைத்து, அது மிகவும் தேவைப்படும் முதல் நாளிலேயே செத்துப்போகிறார்கள்.

இப்போது செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று: சாலையை ஒட்டிக் கிழக்கே நடந்து, கூட்டுச்சாலையிலிருந்து வடக்கே திரும்பி, ‘ஃப்ரெண்ட்லி ஆர்ம் இன்’ என்னும் கோட்டை விடுதியை அடைவது. காட்டுக்குள் இறங்கிச் சுற்றிப் பார்க்கும் ஆசையைச் சற்றுத் தள்ளி வையுங்கள். வழியில் ஓநாயோ, ஜிபர்லிங் என்னும் சிறு பூதங்களோ எதிர்ப்பட்டால் விளையாட்டை நிறுத்தி, இருவரையும் அம்பெய்ய வைத்து, எதிரி நெருங்கியதும் கவசம் அணிந்தவரை மட்டும் முன்னே நிறுத்தி வாளெடுக்கச் சொல்லுங்கள். இமோயெனை எவரும் துரத்தினால் அவளை ஓடவிட்டு, துரத்துகிற விலங்கை மற்றவர் அம்பால் அடிக்கலாம். தோற்பது போலிருந்தால் ஓடுங்கள். வரைபடத்தின் விளிம்புக்குக் குழு முழுவதும் வந்துவிட்டால் அடுத்த இடத்துக்குத் தப்பிவிடலாம். யாராவது ஒருவர் பின்தங்கினால் விளையாட்டு நகரவிடாது.

வழியில் மோன்டாரோன், ஸார் என்று இருவர் குழுவில் சேரக் கேட்பார்கள். அவர்கள் தீய குணமுள்ளவர்கள். விடுதியில் உங்களுக்காகக் காத்திருக்கும் ஜாஹெய்ரா, காலித் தம்பதியோடு அவர்களுக்கு ஒத்துப்போகாது. சேர்த்து வைத்தால் வாக்குவாதம் முற்றிக் கைகலப்பில் முடியும். விடுதி வரையிலான ஆபத்தான நடைக்கு அவர்களைத் துணையாகக் கூட்டிச்செல்வதில் தவறில்லை. அங்கு போனபின் எந்த இருவர் வேண்டும் என்று முடிவெடுங்கள்.

விடுதியின் வெளிமதிலைக் கடந்து உள்ளே போனால் படிக்கட்டில் ஒருவன் நின்று உங்கள் பெயரைக் கேட்பான். பலருடைய விளையாட்டு முடிந்த இடம் அந்தப் படிக்கட்டுதான். அவன் டார்னெஷ் என்னும் மந்திரவாதி. மதிலுக்குள் நுழைந்தவுடன் சேமித்துக்கொள்ளுங்கள். இமோயெனின் கையில் மந்திரக்கோலை எடுத்து வையுங்கள். இருவரையும் ஒரே இடத்தில் நிறுத்தாமல் விலக்கி நிறுத்துங்கள். இங்கே உதவும் விதி இதுதான்: மந்திரம் சொல்லிக்கொண்டிருப்பவர்மீது ஓர் அடி பட்டாலும் அந்த மந்திரம் கலைந்துவிடும். அவன் கையை உயர்த்தும் கணத்தில் நிறுத்தி, கோலை அவன்மேல் பயன்படுத்துங்கள். அவன் தன்னைப் போலப் பல பிம்பங்களை உருவாக்கிக்கொண்டால் பதறாதீர்கள். தொடர்ந்து அடிக்க அடிக்கப் பிம்பங்கள் ஒவ்வொன்றாக மறையும். அவனது அச்சமூட்டும் மந்திரம் பலித்தால் உங்கள் ஆட்கள் கட்டளை கேட்காமல் சிதறி ஓடுவார்கள். அதைத் தடுப்பதுதான் இந்தச் சண்டையின் மையம். பிற்காலத்தில் வரப்போகும் அத்தனை மந்திரவாதிகளையும் எதிர்கொள்ளும் முறை இதிலேயே அடங்கியிருக்கிறது என்பதால், தோற்றாலும் மறுபடி ஏற்றி நிதானமாகச் செய்து பாருங்கள்.

மந்திரமும் உறக்கமும்

இந்த விதிகளில் மந்திரவாதி காலையில் மனப்பாடம் செய்ததைத்தான் பகலில் பயன்படுத்த முடியும். ஒருமுறை சொன்னவுடன் அது மனத்திலிருந்து அழிந்துவிடும். மறுபடி வேண்டுமென்றால் எட்டு மணி நேரம் உறங்கி எழ வேண்டும். முதல் நிலை மந்திரவாதிக்கு ஒரு நாளைக்கு ஒன்றோ இரண்டோதான் கிடைக்கும். அந்த இடத்தில் எதை வைப்பது என்பதில் எனக்கு ஐயமே இல்லை: ‘ஸ்லீப்’. தாழ்ந்த நிலை எதிரிகள் ஒரு கூட்டமே இதனால் தரையில் சாய்ந்து உறங்கிவிடும். உறங்குகிறவர்மேல் வீசும் அடி தவறுவதில்லை. எலும்புக்கூடு போன்ற உயிரற்றவற்றின்மேல் இது பலிக்காது. எல்ஃப் இனத்தவரும் பெரும்பாலும் தப்பிவிடுவார்கள். மற்றபடி, முதல் இரண்டு அத்தியாயங்களை எளிதாக்கும் ஒற்றைக் கருவி எது என்று கேட்டால் இதையே சொல்வேன். இந்த மந்திரத்தை உங்கள் மந்திரவாதி அறிந்திராவிட்டால், பெரெகோஸ்ட் என்னும் ஊருக்கு மேற்கே ‘ஹை ஹெட்ஜ்’ என்னும் இடத்தில் தலான்டிர் என்பவர் மந்திரச் சுருள்கள் விற்கிறார்.

உறங்குவதற்கு விடுதி அறையே பாதுகாப்பானது. காட்டில் படுத்தால் நடுவில் எதிரிகள் வந்து எழுப்பக்கூடும். காயம்பட்ட குழுவோடு காட்டில் படுப்பதற்கு முன் சேமிக்க மறக்க வேண்டாம். ஜாஹெய்ரா, காயம் ஆற்றும் மந்திரங்களை அறிந்தவர். உறங்கப் போகும் முன் அவற்றைக் காயம்பட்டவர்மேல் பயன்படுத்திவிட்டுப் படுத்தால், காலையில் அவை திரும்பக் கிடைத்துவிடும்.

கூட்டாளிகள்

மூல விளையாட்டில் சேர்த்துக்கொள்ளக்கூடியவர்கள் 25 பேர். உங்களையும் சேர்த்து ஒரு நேரத்தில் ஆறு பேர்தான் நடக்க முடியும். முன்னே நின்று அடி தாங்க இருவர், பொறியும் பூட்டும் அறிந்த திருடர் ஒருவர், காயம் ஆற்றுபவர் ஒருவர், மந்திரவாதி ஒருவர் இருந்தால் குழு நிறைவாகும். இமோயென், ஜாஹெய்ரா, காலித் ஆகிய மூவரோடு தொடங்கினால் பாதிக்குமேல் அமைந்துவிட்டது. நாஷ்கெல் ஊரில், கையில் ஒரு வெள்ளெலியோடு மின்ஸ்க் என்னும் வீரர் நிற்பார். தன் தோழி டைனஹெய்ரை மீட்கத் துணை கேட்பார். அந்த இருவரையும் சேர்த்தால் குழு முழுமையாகிவிடும். மின்ஸ்க்கின் வேண்டுகோளை நெடுநாள் தள்ளிப்போடக் கூடாது. அவர் பொறுமை இழப்பார். ஜோடியாக வந்தவர்களில் ஒருவரை அனுப்பினால் மற்றவரும் உடன் போய்விடுவார்.

குழுவின் நற்பெயருக்கும் ஓர் எண் உண்டு. அது உயர்ந்தால் கடைகளில் விலை குறையும். தீயவர்கள் முகம் சுளித்து விலகுவார்கள். அது தாழ்ந்தால் நல்லவர்கள் விலகுவார்கள். ஊருக்குள் எவர் வீட்டுப் பெட்டியையும் அவர் கண்ணெதிரே திறக்காதீர்கள்; காவலர்கள் வந்துவிடுவார்கள்.

பெரெகோஸ்டும் சுற்றுப்புறமும்

விடுதியிலிருந்து தெற்கே வந்தால் பெரெகோஸ்ட் என்னும் ஊர். கடைகளும் விடுதிகளும் கோவிலும் நிறைந்த இந்த ஊரையே சில நாள்களுக்கு இருப்பிடமாக வைத்துக்கொள்ளுங்கள். வீடுகளுக்குள் போங்கள், எல்லோரிடமும் பேசுங்கள், சிறு வேலைகளை முடியுங்கள். இங்கும் ஒரு விடுதியில் உங்கள் தலைக்கு விலை பேசியவன் ஒருவன் காத்திருக்கிறான். அதனால் எந்த விடுதிக் கதவைத் திறப்பதற்கு முன்னும் ‘கியூ’ விசையை அழுத்துங்கள்.

கையிலுள்ள சாதாரண வாள் சண்டை நடுவில் திடீரென உடைந்துபோனால் வியப்படைய வேண்டாம். நாடு முழுவதும் இரும்பு கெட்டுப்போய்க் கிடக்கிறது என்பதுதான் கதையே. ஒவ்வொருவரிடமும் மாற்று ஆயுதம் ஒன்று இருக்கட்டும். மந்திர ஆயுதங்கள் இப்படி உடைவதில்லை.

ஊரைச் சுற்றியுள்ள வரைபடங்களை ஒவ்வொன்றாகத் திறந்து பார்க்கலாம். ஆனால் பெரெகோஸ்டுக்கு வடகிழக்கே, பார்வையாலேயே கல்லாக்கிவிடும் பாசிலிஸ்க் என்னும் பிராணிகள் திரியும் இடம் ஒன்று இருக்கிறது. கதாநாயகன் கல்லானால் விளையாட்டு முடிந்துவிடும். விளங்காத சிலைகள் நிறைந்த நிலத்தைக் கண்டால் அப்படியே திரும்பிவிடுங்கள். ஏற்ற பாதுகாப்பு மந்திரத்தோடு பிறகு வரலாம். ‘டர்லக்ஸ் டவர்’ என்னும் கோபுரமும் இப்போதைக்கு உங்களுக்கு உரியதல்ல. ஓரிடம் மிகக் கடினமாக இருந்தால், அதை நோட்டில் குறித்துவிட்டு வேறு திசையில் போவதே இந்த விளையாட்டு எதிர்பார்க்கும் நடத்தை. எதிரிகள் உங்கள் நிலைக்கு ஏற்பத் தம்மைச் சுருக்கிக்கொள்ளும் இன்றைய வழக்கம் இதில் இல்லை. அந்த உலகம் உங்களுக்காகக் காத்திருக்கவில்லை. தன் போக்கில் இருக்கிறது. எனக்கு இந்த விளையாட்டின்மேல் பற்று ஏற்பட்டதற்கு முதற்காரணம் இந்தக் குணம்தான்.

ஃபைட்டர் இரண்டாம் நிலைக்கு ஏற 2000 அனுபவப் புள்ளிகளும், திருடர் ஏற 1250 புள்ளிகளும், மந்திரவாதி ஏற 2500 புள்ளிகளும் வேண்டும். எதிரியை வீழ்த்திக் கிடைக்கும் புள்ளிகள் குழுவுக்குள் பங்கிடப்படும் என்பதால் முதல் ஏற்றம் மெதுவாகத்தான் வரும். எல்லோரும் இரண்டாம் நிலையை எட்டி, சிலர் மூன்றாம் நிலையைத் தொட்ட பிறகு தெற்கே நாஷ்கெலுக்குப் புறப்படுங்கள். அதே வேளையில் அளவுக்கு மீறித் தாமதிக்கவும் வேண்டாம். ஜாஹெய்ராவும் காலிதும் சுரங்கத்தைப் பற்றி நினைவூட்டிக்கொண்டே இருப்பார்கள்.

நாஷ்கெல் சுரங்கம்

சுரங்கத்துக்குள் முதலில் எதிர்ப்படுபவை கோபோல்டு என்னும் சிறு உருவங்கள். தனித்தனியாக அவை பலமற்றவை. ஆனால் கூட்டமாக நின்று அம்பெய்யும். ஆழத்தில் இருப்பவை தீயம்பு எய்யும். குறுகிய வழிகளில் ஆறு பேரும் ஒருவரையொருவர் இடித்துக்கொண்டு நிற்காதபடி, கவச எண் மிகக் குறைந்தவரை முன்னேயும் வில்லாளர்களைப் பின்னேயும் வரிசைப்படுத்துங்கள். இமோயெனுக்குப் பொறி கண்டுபிடிக்கும் கட்டளையை இட்டு, அவளைச் சற்று முன்னே மெதுவாக நடத்துங்கள். அவள் தேடிக்கொண்டிருக்கும்போது வேறு கட்டளை கொடுத்தால் தேடல் நின்றுவிடும் என்பதைக் கவனத்தில் வையுங்கள். கூட்டம் தென்பட்டவுடன் ஸ்லீப், அதன்பின் அம்பு.

அடித்தளத்தில் இருப்பவன் இறையருளால் மந்திரம் சொல்லும் வகையினன். துணைக்கு ஆட்களையும் அழைப்பான். டார்னெஷிடம் கற்ற பாடத்தை அப்படியே இங்கே பயன்படுத்துங்கள்: முழுக் குழுவின் அம்பும் முதலில் அவன்மேல், துணைக்கு வந்தவர்கள் பிறகு. அவனது அறையில் கிடைக்கும் கடிதங்களைப் படிக்காமல் விற்றுவிடாதீர்கள். அடுத்த அத்தியாயத்துக்கான வழி அவற்றில்தான் எழுதியிருக்கிறது. சுரங்கத்திலிருந்து வெளியே வந்ததும் ஆபத்து முடிந்தது என்று எண்ணி விடுதிக்குச் சோர்ந்த குழுவோடு நடக்க வேண்டாம். உறங்கி, காயம் ஆறி, மந்திரங்களை நிரப்பிக்கொண்டு ஊர் திரும்புங்கள்.

இதன்பிறகு காடும் நகரமும் திறந்துகொள்ளும். கையில் மந்திர ஆயுதங்கள் சேரும். ஓநாய்கள் உங்களுக்கு ஒரு பொருட்டாக இருக்கமாட்டா. விடைகளைத் தேடி இணையத்தில் அலையாமல், உங்கள் நோட்டையும் அந்தக் கடிதங்களையும் வைத்துக்கொண்டே மிச்சத்தைக் கண்டுபிடியுங்கள். மாட்டிக்கொண்டு இரண்டு மாலைகள் நகரவே இல்லையென்றால் மட்டும் யாரிடமாவது கேளுங்கள். முழுக் கதையையும் முடித்த பிறகு கடைசிச் சேமிப்பை அழித்துவிடாதீர்கள். 2000இல் வெளிவந்த இரண்டாம் பாகத்துக்குள் இதே கதாபாத்திரத்தை அவர் ஏறிய நிலையோடு கொண்டுபோய்த் தொடரலாம்.